தாது ஆற்றங்கரையில் ஐந்து நாள்

முதல் நாள்: மலைக்கு அந்தப் பக்கம்

சீனாவின் சிச்சுவான் மாகாணத் தலைநகரம் செங்டுவில் பேருந்து ஏறும்போது தூறல். யாஆன் வந்தபோது அடைமழை. யாஆனுக்குச் செல்லப்பெயரே மழை நகரம்தான். வருடத்தில் இருநூறு நாளுக்கு மேல் அங்கே வானம் ஒழுகும். அதனால் மழையில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஆச்சரியம் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

யாஆனிலிருந்து காங்டிங் வரை 135 கிலோமீட்டருக்கு விரைவுச்சாலை போட்டிருக்கிறார்கள். 2018 கடைசியில் முழுதாகத் திறந்தது. அதில் 82 சதவீதம் பாலமும் சுரங்கமும்தான். எர்லாங் மலையைக் குடைந்த சுரங்கம் மட்டும் 13.4 கிலோமீட்டர். உள்ளே நுழைந்தபோது ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் விளக்குகள் மட்டும் ஓடின. வெளியே வந்தால் நீல வானம், சுள்ளென்று வெயில். மேகங்கள் கொண்டுவரும் ஈரத்தையெல்லாம் கிழக்குச் சரிவு வாங்கி வைத்துக்கொள்கிறது. மேற்கே தாது ஆற்றின் பள்ளத்தாக்கு வறண்டு கிடக்கிறது. கல்லும் மண்ணுமான சரிவுகளில் எங்கே பார்த்தாலும் சப்பாத்திக்கள்ளி. திபெத்தின் வாசல் என்று நினைத்துக் கம்பளிச் சட்டை கட்டிக்கொண்டு வந்தவனுக்குக் கள்ளிக்காடு!

தாது என்பது நான் தமிழுக்காக வளைத்த உச்சரிப்பு இல்லை. சீனர்கள் சொல்வதும் ஏறக்குறைய அப்படித்தான் காதில் விழுகிறது. 'தா' என்றால் பெரிய. 'து' என்றால் நீரைக் கடப்பது, கடக்கும் துறை. நம் ஊரில் யாராவது இந்த ஆற்றுக்குப் பெயர் வைத்திருந்தால் பெருந்துறை ஆறு என்று வைத்திருப்பார்கள். கடக்க வேண்டியிருப்பதைத் தவிர இதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை என்பதுபோல ஒரு பெயர்.

அந்தத் துறைகளில் ஒன்றின் மேல் வளர்ந்த ஊர் லூடிங். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரம். இரண்டு பக்கமும் மலை இடிக்க, நடுவில் ஆறு, ஆற்றோரம் கிடைத்த இடத்திலெல்லாம் நெட்டையான கட்டடங்கள். பார்த்தவுடன் மயங்கும் அழகு என்று சொல்ல மாட்டேன்.

முன்பதிவு செய்திருந்த விடுதியில், வெளிநாட்டவருக்கு அறை தர அனுமதி இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பெண்ணுக்கும் பாவம், என்னைவிடச் சங்கடம். பெட்டியை இழுத்துக்கொண்டு ஆற்றோரம் அரை மணி நேரம் அலைந்தபின், ஒரு சின்ன தங்குமிடத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர், போலீஸ் பதிவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று உள்ளே கூப்பிட்டார். வயதில் மூத்த பெண்களை இங்கே 'ஆயி' என்று கூப்பிடுவார்கள். செங்டுவுக்கு வந்த புதிதில் அலுவலகத்தில் எல்லோரும் துப்புரவு செய்யும் அம்மாவை ஆயி, ஆயி என்பதைக் கேட்டுவிட்டு, யாரோ தமிழ் தெரிந்தவர் இருக்கிறார் என்று ஒருநாள் ஏமாந்திருக்கிறேன். எனக்கு இந்தச் சொல்லைச் சொல்லும்போது மொழிபெயர்ப்பே தேவைப்படுவதில்லை.

நான் இறைச்சி சாப்பிட மாட்டேன் என்றதும் ஆயி கொஞ்சம் யோசித்தார். அப்புறம் இளகிய சோயாத் தயிர் ஒரு கிண்ணமும், அதைத் தொட்டுச் சாப்பிட மிளகாய் விழுதும் வந்தன. விழுதில் பக்கத்து ஹான்யுவான் மாவட்டத்து ஹுவாஜியாவ், அதாவது சிச்சுவான் மிளகு. அரசர்களுக்கே கப்பமாகப் போன மணி அது. காரம் நாக்கைச் சுடும். இது நாக்கை மரத்துப்போக வைக்கும். "பாஷி!" என்றேன். சிச்சுவான் வட்டாரத்தில் பிரமாதம் என்பதற்கு அதுதான் சொல். ஆயிக்கு அதற்கப்புறம் என்னிடம் மெதுவாகப் பேச வேண்டும் என்பதே மறந்துபோய்விட்டது.

இரண்டாம் நாள்: பதின்மூன்று சங்கிலி

காலை எட்டு மணிக்கெல்லாம் பாலத்துக்குப் போய்விட்டேன். பத்து மணிக்கு மேல் சுற்றுலாக் கூட்டம் தாங்காது என்று ஆயி எச்சரித்திருந்தார்.

இரு கரையிலும் ஓட்டுக்கூரை போட்ட மண்டபம். நடுவே நூறு மீட்டருக்குச் சற்று கூடுதலான நீளத்தில் இரும்புச் சங்கிலிகள் தொய்ந்து கிடக்கின்றன. மொத்தம் பதின்மூன்று. ஒன்பது காலடியில், பக்கத்துக்கு இரண்டாக நான்கு கைப்பிடிக்கு. 12,164 வளையங்கள், எல்லாம் சேர்ந்து நாற்பது டன்னுக்கு மேல் இரும்பு. ஒன்பது சங்கிலிகளின் மேல் பலகை பரப்பியிருக்கிறார்கள், பலகைக்கும் பலகைக்கும் நடுவே வேண்டுமென்றே விட்டது போல இடைவெளி. கீழே பழுப்பு நிறத்தில் ஆறு. அதை ஓடுகிறது என்று சொல்வது போதாது, உருண்டு போகிறது. சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை.

முதல் இருபது அடிக்கு ஒன்றுமில்லை. நடுவுக்குப் போனதும், எதிரே வந்த ஒரு பெரியவரின் நடை என் முழங்காலுக்குள் வந்து சேர்ந்தது. அவர் காலை எடுத்தால் என் பலகை எழும்புகிறது. நான் வைத்தால் அவர் தள்ளாடுகிறார். இருவரும் ஒரே சமயத்தில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பின்னால் வந்த இரண்டு பையன்கள் வேண்டுமென்றே குதிக்க, கரையிலிருந்து ஒலிபெருக்கியில் காவலாளி திட்டினார். திட்டியது என்னவென்று புரியவில்லை, தொனி நன்றாகவே புரிந்தது.

1705-ல் தொடங்கி 1706-ல் முடித்த பாலம். அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால்தான் மேற்கே இன்றைய காங்டிங் பக்கம் சண்டை நடந்திருந்தது. படையையும் தானியத்தையும் அந்தப் பக்கம் கொண்டுபோகப் பேரரசர் காங்ஷிக்கு நிச்சயமான வழி வேண்டும். அதுவரை இருந்தவை மூன்று துறைகள். பள்ளத்தில் பாயும் இந்தத் தண்ணீரில் ஓடம் விடுவது பாதி நாள் நடக்காது. சிச்சுவான் ஆளுநர் நெங்தாய் இந்த இடத்தைக் கண்டுபிடித்து, இங்கே இரும்புச் சங்கிலிப் பாலம் போடலாம் என்று எழுதினார். பாலத்தருகே பேரரசரின் கல்வெட்டு இருக்கிறது. நீளம் 31 சாங் 1 சி, அகலம் 9 சி (இரண்டும் பழைய சீன நீள அளவுகள்), சங்கிலி ஒன்பது என்று ஒப்பந்தக்காரர் பில் மாதிரி கணக்கெல்லாம் எழுதியிருக்கிறார். எனக்கு அது பிடித்திருந்தது. ஆற்றைப் பற்றிக் கவிதை பாடாத ராஜா!

ஆனால் ஊருக்குப் பெயர் வைத்ததில் அவருக்கு ஒரு சறுக்கல். பழைய நூல்களில் வரும் 'லூ' ஆறு இதுதான் என்று நினைத்துக்கொண்டு, 'டிங்', அதாவது அமைதிப்படுத்தியது, என்ற சொல்லைச் சேர்த்து லூடிங் என்றார். லூ ஆறு உண்மையில் ஜின்ஷா, இங்கிருந்து வெகு தெற்கே ஓடுவது. ஆறும் அதுவல்ல, அமைதியும் பெரிதாக வந்துவிடவில்லை. பெயர் மட்டும் முந்நூறு வருடமாக நிலைத்துவிட்டது. திபெத்தியர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அவர்கள் இந்த ஊரைச் சொல்வது 'ஜாக்சம்'. இரும்புப் பாலம்.

இத்தனை கனமான சங்கிலியை அந்தக் காலத்தில் ஆற்றைத் தாண்டி எப்படி இழுத்தார்கள் என்பதற்கு ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். முதலில் மூங்கில் நாரால் திரித்த கயிறுகளைக் கரைக்குக் கரை கட்டினார்களாம். அந்தக் கயிற்றில் மூங்கில் குழாய்களைக் கோத்து, குழாயில் சங்கிலியைத் தொங்கவிட்டு, எதிர்க்கரையிலிருந்து இழுத்தால் குழாய் வழுக்கிக்கொண்டு வரும். ஜன்னல் திரைச்சீலையை இழுப்பது போலத்தான். வளையங்களில் அடித்த கொல்லரின் அடையாளக் குறி இருக்கும், உடைந்தால் யார் தலை உருளும் என்பதற்காக என்றும் சொன்னார்கள். அரை மணி நேரம் தேடினேன். கண்ணில் பட்டது துருவும் எண்ணெயும்தான்.

சீனாவில் இந்தப் பாலத்தைத் தெரியாத பள்ளிக்குழந்தை கிடையாது. அதற்குக் காரணம் காங்ஷியும் கொல்லர்களும் இல்லை, 1935 மே 29. 'நீண்ட பயணம்' என்று பேர் வாங்கிய பின்வாங்கலில் தப்பி ஓடிக்கொண்டிருந்த கம்யூனிஸ்ட்களின் செஞ்சேனை, கீழே ஆன்ஷுன்சாங் என்ற துறையில் ஆற்றைக் கடக்கத் தொடங்கியது. கிடைத்தவை ஒருசில படகுகள். அத்தனை பேரையும் ஏற்றி இறக்க வாரக்கணக்கில் ஆகும், பின்னால் எதிரிப்படை நெருங்குகிறது. அந்த இடத்துக்கு ஒரு கெட்ட நினைவும் உண்டு. 1863-ல், சிங் பேரரசை எதிர்த்த தைப்பிங் கிளர்ச்சியின் தளபதி ஷி தாகாய் அதே கரையில்தான், வெள்ளம் வடியாமல் மாட்டிக்கொண்டு சரணடைந்தார். செங்டுவில் அவரைக் கொன்றார்கள். இன்னொரு ஷி தாகாய் ஆகிவிடக் கூடாது என்பது மாவோவின் படைக்கு. ஆகிவிட வேண்டும் என்பது அவர்களைத் துரத்திய சியாங் கைஷேக்குக்கு.

வேறு வழியில்லாமல் இரு கரையிலும் படை இந்தப் பாலத்தை நோக்கி வடக்கே ஓடியது. நான்காவது ரெஜிமென்ட் கடைசி 120 கிலோமீட்டரை ஒரு பகல், ஒரு இரவில் முடித்தது. இரவில் மழை. எதிர்க்கரையில் எதிரியும் தீப்பந்தத்தோடு அதே திசையில் போய்க்கொண்டிருந்தான். இவர்களும் பந்தம் கொளுத்தி, உங்கள் ஆட்கள்தான் என்று ஊதுகொம்பில் பதில் சொல்லிக்கொண்டே நடந்தார்களாம். இங்கே வந்து சேர்ந்தபோது பாலத்தில் பலகைகள் இல்லை. 22 பேர் சங்கிலியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு போக, பின்னால் வந்தவர்கள் பலகை போட்டுக்கொண்டே வந்தார்கள். சண்டை எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. பாலத்தைப் பிடித்தார்கள், தப்பினார்கள், அதில் தகராறு இல்லை. பிழைத்தவர்களுக்குக் கிடைத்த பரிசு: ஒரு லெனின் சட்டை, ஒரு நோட்டு, ஒரு பேனா, எனாமல் கிண்ணமும் தட்டும், ஒரு ஜோடி சாப்பாட்டுக் குச்சி. இந்தப் பட்டியல் எனக்கு எந்த வீரக் கதையையும்விட நெருக்கமாக இருந்தது. அந்த 22 பேரில் பெரும்பாலோரின் பெயரே யாருக்கும் தெரியாது.

நான் திரும்பும்போது செஞ்சேனை உடையை வாடகைக்கு எடுத்த ஒரு குடும்பம் பாலத்தின் நடுவில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. பாட்டிக்குத் தொப்பி பெரிதாகி மூக்கில் விழுந்தது.

மூன்றாம் நாள்: ஆயியின் ஆட்சேபம்

காலையில் கஞ்சி குடிக்கும்போது ஆயி, நேற்று என்ன அவ்வளவு நேரம் எழுதினாய் என்று கேட்டார். கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலியைக் காட்டி, என் பதிவைச் சீனத்தில் மாற்றிக் கொடுத்தேன். சப்பாத்திக்கள்ளி "ரொட்டிச் செடி" ஆகிவிட்டது. ஆயி அதற்குச் சிரித்துவிட்டு, பாலத்தைப் பற்றிய பகுதியைக் கடைசி வரைக்கும் படித்தார். முகம் மாறியது.

"நீயும் சிப்பாய்களைத்தான் எழுதியிருக்கிறாய்."

"ராஜாவையும் எழுதியிருக்கிறேனே ஆயி."

"அவர் இந்தப் பாலத்தில் நடந்தாரா? என் தாத்தா நடந்திருக்கிறார். முதுகில் தேயிலையோடு."

அதனால் இன்றைய பதிவு ஆயியின் தாத்தாவுக்கு.

திபெத்தில் அந்தக் காலத்தில் தேயிலை விளையவில்லை. ஆனால் வெண்ணெய்த் தேநீர் இல்லாமல் அங்கே நாள் விடியாது. சீன அரசுகளுக்கு வேண்டியது திபெத்தின் குதிரை. தேயிலைக் குதிரைப் பாதை என்று பேர் வாங்கிய வழிகள் இப்படித்தான் உண்டாயின. குதிரை என்று பெயரில் இருந்தாலும், யாஆனிலிருந்து காங்டிங் வரையிலான மலைப்பாதையில் பெரும்பாலும் சுமந்தவை மனித முதுகுகள்தான். 'பெய்ஃபூ' என்பார்கள், முதுகுச் சுமைக்காரர். இடித்து அழுத்திய தேயிலையை நீளமான மூங்கில் பின்னலில் பொதிந்து, அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக முதுகில் அடுக்குவார்கள். தலைக்கு மேலும் உயர்ந்து அடுக்கு நிற்கும். 1908-ல் எர்னஸ்ட் வில்சன் என்ற தாவரவியலாளர் வழியில் பார்த்த இரண்டு பேரைப் படம் எடுத்தார். ஒருவர் சுமை 317 பவுண்டு, மற்றவருடையது 298 என்று குறித்திருக்கிறார். கிலோவில் 144, 135. அந்த இரண்டு பேரும் கேமராவைப் பார்க்கும் பார்வையில் சுமை தெரியவில்லை, நேரமாகிறது என்ற பொறுமையின்மைதான் தெரிகிறது.

இவ்வளவு சுமையை வழியில் இறக்கி வைத்தால் மறுபடி தூக்கிவிட ஆள் வேண்டும். அதனால் இறக்குவதே இல்லை. கையில் டி வடிவத்தில் குட்டையான கழி, நுனியில் இரும்பு. சில பத்து அடிக்கு ஒருமுறை அதை முதுகுக்குப் பின்னால் ஊன்றி, சுமையை அதன்மேல் சாய்த்து, நின்றபடியே மூச்சு வாங்குவார்கள். நம் பழைய சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல் நினைவுக்கு வந்தது. இவர்கள் சுமைதாங்கியைக் கையிலேயே கொண்டுபோயிருக்கிறார்கள். எல்லோரும் தலைமுறை தலைமுறையாக ஒரே கல்லில் ஊன்றி ஊன்றி, பாதையோரப் பாறைகளில் விரல் நுழையும் அளவுக்குக் குழி விழுந்திருக்கிறது.

யாஆனிலிருந்து காங்டிங் போக பதினைந்து, இருபது நாள். நான் சுரங்கத்துக்குள் கொட்டாவி விட்ட அந்த எர்லாங் மலைத்தொடரை அவர்கள் மேலே ஏறித்தான் தாண்ட வேண்டும். 1950-களில் மலைமேல் லாரிச்சாலை வந்து, 1954-ல் லாசா வரை வழி திறந்ததும் அந்தத் தொழில் மெல்லச் செத்துப்போனது.

ஆயியின் தாத்தா பதின்மூன்று வயதில் சுமை தூக்கத் தொடங்கியவராம். பாலத்தில் ஏறும்போது எப்படி இருக்கும் என்று சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன். "பாலத்தில் கழியை ஊன்ற முடியாது, பலகைச் சந்துக்குள் போய்விடும். அதனால் நிற்காமல் ஒரே மூச்சில் கடக்க வேண்டும். தாத்தா சொன்னது அவ்வளவுதான்" என்றார். நேற்று நான் நடுவில் நின்று சிரித்தது ஞாபகம் வந்தது.

மத்தியானத்துக்குமேல் மழை பிடித்துக்கொண்டது. இன்று வேறெங்கும் போகவில்லை.

நான்காம் நாள்: யார் தள்ளுவது?

தெற்கே மோஷி என்ற சிற்றூருக்குப் போக ஒரு காரைப் பிடித்தேன். ஓட்டுநர்களை இங்கே 'ஷிஃபூ' என்று கூப்பிட வேண்டும். வித்தை தெரிந்தவர், ஆசான் என்ற பொருள். சாலையைப் பார்த்தால் அந்த மரியாதை நியாயம்தான். ஆற்றோடு தெற்கே போகும் வழி முழுக்க மலைச்சரிவில் இரும்பு வலை போர்த்தியிருக்கிறார்கள். அப்படியும் நேற்றைய மழையில் உருண்ட கற்கள் ஓரத்தில் குவிந்திருந்தன. ஷிஃபூ ஒரு கண்ணைச் சாலையிலும் ஒரு கண்ணை மலையிலும் வைத்து ஓட்டினார். பேச்சுக் கொடுத்தால் "யாவ்தே" என்பார். சரி என்று பொருள். எதற்குச் சரி என்பதுதான் விளங்கவில்லை.

வழியெங்கும் சரிவுகளில் பழுப்புத் தழும்புகள். மேலே காடு, கீழே காடு, நடுவில் யாரோ கரண்டியால் வழித்தெடுத்தது போல வெறும் மண். 2022 செப்டம்பர் 5, பகல் 12:52. சீனர்கள் 6.8 என்று அளந்த நிலநடுக்கம். 93 பேர் இறந்தார்கள், 25 பேரைக் காணவே இல்லை. மையம் லூடிங் ஊரிலிருந்து 39 கிலோமீட்டர், இந்த மோஷி பக்கம்.

அன்றைக்கு நான் இங்கே வரவில்லை. செங்டுவில் என் பக்கத்து மேசைப் பெண் சொன்னது இது: கோவிட்டுக்காக நகரத்தையே பூட்டியிருந்த வாரம். கைபேசியில் எச்சரிக்கை மணி அலறி, அதிர்வு வந்து சேர இத்தனை வினாடி என்று பின்னோக்கி எண்ணியது. அவர் மாடிப்படி இறங்கி ஓடினால், கட்டட வாசல் பூட்டியிருந்தது. திறக்க அனுமதி இல்லை என்று காவலாளி கையைப் பிசைந்தார். எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தபோது இருவரும் கதவின் இரு பக்கமும் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

மூன்று பெரிய நிலப்பிளவுகள் இந்த வட்டாரத்தில் ஆங்கில 'ஒய்' எழுத்துப்போல வந்து கூடுகின்றன. வடகிழக்கே போவது லோங்மென்ஷான், 2008-ல் வென்சுவானைப் பிளந்தது. 69,000 பேருக்கு மேல் செத்தார்கள். தெற்கே ஆன்நிங்ஹ. வடமேற்கிலிருந்து வருவது சியன்ஷுய்ஹ. மோஷி உட்கார்ந்திருப்பது அதன்மேல். ஏன் இங்கே இத்தனை பிளவு என்று பார்த்தால் பதில் சங்கடமானது. தள்ளுவது நம் நிலம்தான். இந்தியத் தட்டு வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் வடக்கே நெட்டித்தள்ள, திபெத் பீடபூமி மேலே எழும்புகிறது. எழும்ப இடமில்லாத பகுதி கிழக்கே பிதுங்குகிறது. பிதுங்கும் மண் சிச்சுவானின் கெட்டியான பாறையில் மோதித் தென்கிழக்காக வழுக்கித் திரும்புகிறது. அந்த வழுக்கல் கோடுதான் சியன்ஷுய்ஹ. இதை ஷிஃபூவிடம் கையால் செய்து காட்டினேன், ஒரு கை இந்தியா, ஒரு கை சீனா. அவர் யோசித்துவிட்டு, "அப்படியானால் உங்கள் ஊரில் தள்ளுவதை நிறுத்தச் சொல்" என்றார். இன்று அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

பள்ளத்தாக்கே அந்தத் தள்ளலின் பிள்ளை. மலை எழும்ப எழும்ப ஆறு அறுத்துக்கொண்டே இறங்குகிறது. மேற்கே கொங்கா சிகரம் 7,500 மீட்டருக்கு மேல். ஆற்றுமட்டத்துக்கும் அதற்கும் ஆறு கிலோமீட்டருக்கும் கூடுதலான உயர வித்தியாசம், அதுவும் முப்பது கிலோமீட்டர் தூரத்துக்குள். இப்படிச் செங்குத்தாக நிற்கும் மலையை உலுக்கினால் அது ஆற்றுக்குள்தான் விழும்.

விழுந்திருக்கிறது. 1786 ஜூன் 1, இதே பிளவில் ஏழே முக்கால் அளவுக்கு ஓர் அதிர்ச்சி. மோஷிக்குக் கீழே ஒரு மலைச்சரிவு அப்படியே சரிந்து தாது ஆற்றை அடைத்தது. ஒன்பது, பத்து நாள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. கீழே ஆற்றுப்படுகை வற்றிக் கிடந்தது. ஜூன் 10-ல் அணை உடைந்தது. வெள்ளம் லெஷான் வரைக்கும், அதையும் தாண்டியும் துடைத்துக்கொண்டு போனது. ஒரு லட்சம் பேர் வரை செத்திருப்பார்கள் என்கிறார்கள். நிலம் ஆடியதில் செத்தவர்கள் இதில் மிகச் சிறிய பங்கு. லெஷானில் ஆறுகள் கூடும் இடத்தில், படகுகளைக் கவிழ்க்கும் தண்ணீரை அடக்க வேண்டும் என்று 713-ல் தொடங்கித் தொண்ணூறு வருடம் செதுக்கிய 71 மீட்டர் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். அவர் காலடியில்தான் அந்த வெள்ளமும் போனது.

2022-லும் அதே பயம் வந்தது. வான்டோங் என்ற கிளையாற்றைச் சரிவு அடைத்தது. நல்லவேளை, நீர் தானாகவே வழிந்து வடிந்தது. அங்கே ஒரு சிறு நீர்மின் நிலையத்தில் இரண்டு ஊழியர்கள் ஓடிப்போகாமல் இருந்து, மதகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார்கள். இல்லையென்றால் கீழே ஊர் முழுகியிருக்கும். ஒருவர் உதவி தேடிப் போனார், அவரை மூன்றாம் நாள் மீட்டார்கள். மூக்குக்கண்ணாடி தொலைந்து, அடுத்த அடி தெரியாத மற்றவர் மலைக்குள் வழி தவறினார். காட்டுப்பழமும் ஊற்றுத்தண்ணீருமாக 17 நாள். உள்ளூர் விவசாயி ஒருவர்தான் தேடிக் கண்டுபிடித்தார்.

மோஷியில் பிரெஞ்சுப் பாதிரிகள் கட்டிய பழைய தேவாலயம் இருக்கிறது. பாலச் சண்டை நடந்த நேரத்தில் மாவோ அங்கேதான் தங்கினார். வெளியிலிருந்து பார்த்தேன். பனியாறு பார்க்க ஹைலுவோகோ போகலாம் என்ற திட்டம் மேகத்தில் கரைந்துபோனது. அதற்காக ரொம்ப வருந்தவும் இல்லை. கடைத்தெருவில் ஒரு வீட்டுச் சுவரில் புதுச் சிமெண்ட் பட்டை குறுக்கே ஓடியது. அதன்மேல் மிளகாய்ச் சரம் தொங்கவிட்டிருந்தார்கள். எதிரே பெஞ்சில் நான்கு பெரியவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்து ஆயியிடம், 2022-ல் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். "சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கிண்ணம் மேசையில் நடந்து போனது. நான் பின்னாலேயே போனேன்." பாலம்? "ஆடியிருக்கும். அது காற்றுக்கே ஆடுகிற பாலம்தானே!"

ஐந்தாம் நாள்: முள்

கிளம்பும்முன் ஊருக்கு மேலே ஷிங்காங் பாலத்தைக் கீழிருந்தபடியே பார்த்துவிட்டு வந்தேன். விரைவுச்சாலை தாது ஆற்றைத் தாண்டும் இடம். தூணுக்குத் தூண் 1,100 மீட்டர், கழுத்து வலிக்கும் உயரம். அதில் லாரிகள் எறும்பாக ஊர்ந்தன. பழைய பாலத்தைப் போலவே இதுவும் இரு கரையிலிருந்து தொங்கும் பாலம்தான். வளையத்துக்குப் பதில் எஃகு வடம். யாஆனிலிருந்து திபெத்தின் ஞிங்ச்சிக்கு ரயில்பாதை வேலையும் 2020-லிருந்து நடக்கிறது, அதற்கும் இந்த ஆற்றில் ஒரு பாலம். பெருந்துறை ஆற்றுக்குத் துறை போதவே போதாது போல.

பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு கிழவி சப்பாத்திக்கள்ளிப் பழம் விற்றுக்கொண்டிருந்தார். தோலைச் சீவிக் கொடுத்ததைச் சாப்பிட்டேன், விதை நிறைய, இனிப்பு மட்டு. ஆனால் ஆயிக்கென்று ஒரு பை வாங்கினபோது, எடுத்துக் கொடுக்கிறேன் பேர்வழி என்று வெறும் கையால் தொட்டுத் தொலைத்தேன். கிழவி "ஐயா!" என்று கத்தினார். அதற்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஆயி பழத்தை வாங்கிக்கொண்டு என் விரலைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார், ஊசி தேடினார். கிடைக்கவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அவித்த சோளம் நான்கைப் பையில் திணித்து அனுப்பினார்.

கள்ளி முள் கண்ணுக்குத் தெரியாது, தொட்டால் தெரியும். பக்கத்து இருக்கையில் நகம் திருத்தும் சாமான்கள் வைத்திருந்த ஒரு கல்லூரிப் பெண். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் அவர் கைபேசி விளக்கை அடித்துப் பிடிக்க, நான் சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எட்டு வந்தது. ஒன்பதாவது உடைந்து உள்ளேயே நின்றுவிட்டது. நிமிர்ந்தபோது 13.4 கிலோமீட்டரும் முடிந்து, ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது.